பரிசிலும் மகமையும்: பழனிமலைப் பயணச் செலவின் கதை

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நடுத்தரக் குடும்பங்களில் தவறாமல் எழுகிற பேச்சு ஒன்று உண்டு. 'இந்த வருஷம் கொடைக்கானல் போகலாமா?' என்று தொடங்கும் அது, 'பணத்துக்கு என்ன செய்வது?' என்பதில் வந்து நிற்கும். அண்மைக்காலமாக மூன்றாவதாக ஒரு குரலும் சேர்ந்துகொள்கிறது. 'கிரெடிட் கார்டில் புள்ளிகள் சேர்ந்திருக்கின்றனவே, அதை வைத்தே போய்வந்து விடலாமே!'

செலவு செய்யச் செய்யப் புள்ளிகள் சேரும். சேர்ந்த புள்ளிகள் பயணச்சீட்டாகவும் விடுதி அறையாகவும் மாறும். கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் உலகில் எந்தப் பயணமும் இலவசமாக நடந்ததில்லை. நடப்பவர் கொடுக்காவிட்டால் வேறொருவர் கொடுக்கிறார் என்பதே பொருள். அந்த வேறொருவர் யார்? பழனி மலைத்தொடரின் வரலாற்றில் இக்கேள்விக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகளாக வெவ்வேறு விடைகள் கிடைத்து வந்திருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டு, இன்றைய அட்டைக்கு வருவோம்.

பொதினி தந்த பரிசில்

சங்க நூல்கள் பொதினி என்று குறிக்கும் மலை இன்றைய பழனிமலை என்பது அறிஞர் துணிபு. அங்கே ஆவியர் குடி ஆண்டது. அக்குடியில் வந்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன். குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையால் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக இன்றும் நினைக்கப்படுபவன். கொடைக்கானலின் குளிரை அனுபவித்தவர்களுக்கு அக்கதையின் நிலவியல் பின்னணி உடனே விளங்கிவிடும்!

அக்காலத்துப் பாணரும் பொருநரும் கூத்தரும் குடும்பத்தோடு பயணம் செய்தவர்கள். மனைவியும் மக்களும் சுற்றமும் உடன்வர, யாழும் முழவும் தோளில் தொங்க, வள்ளலைத் தேடி நடந்தார்கள். அவர்கள் பெற்றது பரிசில். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் வழியில் வறியவன் ஒருவனைக் கண்டு, 'இன்ன வழியே போனால் இன்னாரிடம் நீயும் பெறலாம்' என்று சொல்லியனுப்புவது ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள்தாம். அவற்றுள் முதலாவதான திருமுருகாற்றுப்படை, பழனியின் அடிவாரமாகிய திருவாவினன்குடியை முருகனின் இருப்பிடங்களில் ஒன்றாகச் சொல்கிறது. தான் பெற்றதைச் சொல்லி நண்பரையும் சேர்த்துவிட்டால் கூடுதல் புள்ளிகள் தருகிறோம் என்று இன்றைய அட்டை நிறுவனங்கள் செய்யும் விளம்பரத்தை எண்ணினால் நமக்குச் சிரிப்பு வருகிறது. பாணன் வழிகாட்டியதற்குத் தனியே தரகு பெறவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

அன்றைய பயணச் செலவை ஏற்றவர் யார் என்பதில் மறைவு ஏதுமில்லை. வள்ளல் ஏற்றான். அவனுக்கு அப்பொருள் எங்கிருந்து வந்தது? மலைபடு பொருள்களிலிருந்தும், உழுகுடிகள் தந்த இறையிலிருந்தும், சில நேரம் பகைவர் நாட்டைக் கொள்ளையிட்டதிலிருந்தும் வந்தது. பாடல்களே அதை ஒளிக்காமல் சொல்கின்றன.

பேகனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியின்பால் சென்றிருந்த காலத்தில் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகியோர் அவனைப் பாடினர். அப்பாடல்கள் புறநானூற்றில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. பரிசிலை நம்பி வாழ்ந்த அப்புலவர்கள் வேண்டியது பொன்னும் பொருளும் அல்ல. நீ அவளிடம் திரும்பிச் செல், அதுவே எமக்குப் பரிசில் என்ற கருத்தில் பாடினார்கள். குடும்பம் ஒன்றாக இருப்பதன் மதிப்பைப் பரிசிலுக்கு மேலாக வைத்த அவர்கள் கணக்கை நாம் பின்னால் மறுபடியும் எடுத்துக்கொள்வோம்.

உப்பு வணிகரின் மகமை

அடுத்த விடை வணிகர்களிடமிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செட்டிநாட்டு நேமத்தைச் சேர்ந்த குமரப்பன் என்னும் நகரத்தார் பழனிக்கு உப்பு விற்க வந்த செய்தியை நகரத்தார் ஆவணங்கள் கூறுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரட்னர் நகரத்தாரின் வணிகம் குறித்து 1994இல் வெளியிட்ட நூலில் இவ்வாவணங்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். விற்பனையில் பழனியாண்டவர் பெயரால் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அதுவே மகமை. ஒருவர் தொடங்கியது பலருடைய வழக்கமாயிற்று. அந்தப் பணத்தில் பூசையும், அன்னதானமும், யாத்திரிகர் தங்கும் மடமும் நடந்தன. தைப்பூசத்தை ஒட்டிக் காவடியோடு குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நகரத்தார் நடந்துசெல்லும் மரபு இன்றளவும் தொடர்கிறது.

மகமை நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. தென்பாண்டி நாட்டு நாடார் வணிகர்களும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வைத்தார்கள். வண்டிகளும் சரக்கும் பத்திரமாகத் தங்கும் பேட்டைகள் முதலில் அதில் எழுந்தன. பின்னர் பள்ளிகள் எழுந்தன. விருதுநகரில் 1885இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமையின் புகழ்பெற்ற பயன்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். வணிகன் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு பங்கை எடுத்து வைக்கிறான். அப்பங்கு திரண்டு ஒருவருடைய பயணத்தைத் தாங்குகிறது. இன்றைய கடன் அட்டையும் எந்திரம் என்ற அளவில் இதையேதான் செய்கிறது. நாம் கடையில் அட்டையைத் தேய்க்கும்போது கடைக்காரருக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்வதில்லை. 100 ரூபாய்க்கு ஏறத்தாழ 1 முதல் 3 ரூபாய் வரை வங்கிகளும் அட்டை வலைப்பின்னலும் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடித்தத்தின் ஒரு துண்டுதான் புள்ளியாக நம்மிடம் திரும்பி வருகிறது.

ஆனால் ஒரு வேறுபாடு பெரியது. மகமை கடையின் கணக்கேட்டில் எழுதப்பட்டது. எவ்வளவு, எதற்கு என்று ஊருக்குத் தெரியும். திரண்ட பணம் மடமாகவும் பள்ளியாகவும் நின்றது; பங்களிக்காதவனுக்கும் அன்னதான மடத்தில் இலை விழுந்தது. அட்டையின் பங்கோ கடைக்காரரின் விலைக்குள் மறைந்துவிடுகிறது. அந்த விலையை ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் கொடுக்கிறார். புள்ளி மட்டும் அட்டை வைத்திருப்பவருக்குப் போகிறது. இல்லாதவர் கொடுத்ததில் இருப்பவர் மலையேறுவது மகமைக்கு நேர் எதிரான போக்கு.

முடிப்பு என்னும் சேமிப்பு

செல்வரின் மகமை ஒருபுறமிருக்க, எளிய குடும்பங்கள் பழனிக்கு எப்படிப் போயின? மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தின் அருகே வைப்பார்கள். நேர்ந்துகொண்ட நாளிலிருந்து சிறுகச் சிறுக உண்டியலில் போட்டு வைப்பார்கள். அந்தக் காசைத் தொட்டு அரிசி வாங்குவதுகூடப் பாவம். முதலில் சேமிப்பு, பிறகு பயணம் என்பது இதன் இலக்கணம். போய்வந்த பிறகு எவருக்கும் பாக்கியில்லை. பஞ்சாமிர்தமும் திருநீறும் மட்டுமே வீட்டுக்கு வரும்.

மிஷன் போட்ட கணக்கு

மலையடிவாரத்தின் கதை இப்படியிருக்க, மலையுச்சியில் வேறொரு கதை தொடங்கியது. 1821இல் நில அளவையாளர் வார்டு பழனிமலையின் மேற்பகுதியை அளந்தார். 1834இல் மதுரையின் துணைக் கலெக்டர் ராட்டன் மலையேறிச் செண்பகனூரில் வீடு கட்டினார். அதே 1834இல்தான் இலங்கையின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் தம் பணியைத் தொடங்கியிருந்தார்கள். காய்ச்சலும் காலராவும் அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் வாரிக்கொண்டு போயின. அருகிலிருந்த சிறுமலையில் ஓய்விடம் அமைக்க முயன்றார்கள். அங்கும் மலைக்காய்ச்சல் விடவில்லை. இறுதியில் 7000 அடி உயரத்துக்குச் சென்று, 1845இல் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். கொடைக்கானல் நகரம் பிறந்தது இப்படித்தான்.

குடும்பத்தோடு மலைக்குப் போவது ஆடம்பரமா, தேவையா என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை தெளிவானது. கடல் கடந்து அனுப்பப்பட்ட ஓர் ஊழியரையும் அவர் குடும்பத்தையும் இழப்பதைவிட, மலைமேல் வீடு கட்டி ஆண்டுக்குச் சில வாரம் அனுப்புவது குறைந்த செலவு. பணம் அமெரிக்கத் திருச்சபையினரின் காணிக்கையிலிருந்து வந்தது. ஆனால் பணம் மட்டுமே செலவன்று. அந்நாளில் பெரியகுளத்துக்கு அருகிலிருந்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டியில் வந்து, அங்கிருந்து சுமார் 12 மைல் செங்குத்தான பாதையில் ஏற வேண்டும். நடக்க இயலாத பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் வைத்துச் சுமந்தவர்கள் நம்மூர்க் கூலியாட்கள். பெட்டிகளும் பியானோக்களும்கூட மனிதத் தோள்களிலேயே மலையேறின. பளியரும் புலையரும் குன்னுவரும் வாழ்ந்த மலை வெயிலுக்கு அஞ்சியவர்களின் ஊராயிற்று. கலெக்டர் வியர் லெவிஞ்ச் 1863இல் தன் சொந்தச் செலவில் ஓடையை மறித்து ஏரியை அமைத்தார். இன்று நாம் படகில் சுற்றி வருவது அந்த ஏரியைத்தான்.

1901இல் அங்கே மிஷனரிகளின் குழந்தைகளுக்காகப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பு படிப்புக்காகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, பெற்றோர் பல்லாண்டுகள் அவர்களைக் காணாமலே இருக்க நேர்ந்தது. மலைப்பள்ளி வந்தபின் பிள்ளைகள் இதே நாட்டில் இருந்தார்கள். கோடையில் பெற்றோர் மலையேறினால் குடும்பம் ஒன்றாகிவிடும். ஏறுவதற்குச் செலவு மிகுதிதான். ஆயினும் அதில் என்ன கிடைக்கிறது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை.

இறங்கிய செலவு, ஏறிய கூட்டம்

1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அம்மையநாயக்கனூர் நிலையம் பின்னர் 'கொடைக்கானல் ரோடு' ஆயிற்று. லா என்னும் பொறியாளரின் பெயரால் வழங்கும் மலைச்சாலை 1914இல் முடிந்து 1916இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. கூலியின் தோளிலிருந்து சுமை மோட்டார் வண்டிக்கு மாறியது. விடுதலைக்குப் பின் பேருந்துகள் பெருகின. கொடைக்கானல் துரைமாரின் ஊர் என்பது போய்த் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் ஊராயிற்று.

இந்த மாற்றத்துக்குத் துணைநின்ற மற்றொன்று அரசு ஊழியரின் விடுப்புப் பயணச் சலுகை. எல்.டி.சி. என்ற மூன்றெழுத்தால் எல்லோரும் அறிந்தது. மத்திய அரசின் 1988ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்காண்டுத் தொகுதிக்குள் சொந்த ஊருக்கும் இந்தியாவின் வேறோர் இடத்துக்கும் குடும்பத்துடன் போய்வரப் பயணக் கட்டணம் கிடைக்கும். எத்தனையோ குடும்பங்களின் புகைப்பட ஆல்பங்களில் தூண் பாறையும் கோக்கர்ஸ் வாக்கும் இடம்பெற்றது இந்தச் சலுகையால்தான். இதன் செலவை ஏற்றவர் வரி செலுத்திய பொதுமக்கள். அதிலும் மறைவில்லை, விதிப்புத்தகத்தில் அச்சிட்டே இருக்கிறது.

1980களில் புதிய முறை ஒன்று வந்தது. சென்னையில் 1986இல் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம், தன் முதல் விடுதியைக் கொடைக்கானலில் அமைத்து, ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையைப் பல்லாண்டுகளுக்குச் சேர்த்து முன்பணத்துக்கு விற்றது. 'டைம் ஷேர்' என்ற சொல் நடுத்தர வர்க்கத்தின் அகராதியில் அப்போதுதான் ஏறியது. எதிர்கால விடுமுறையை இன்றே வாங்கிவைத்தல் இதன் தத்துவம். இன்று வாங்கிய விடுமுறைக்கு எதிர்காலத்தில் கொடுத்தல் அட்டையின் தத்துவம். முன்னதில் விற்பவரை நாம் நம்புகிறோம். பின்னதில் நம்மை நாமே நம்ப வேண்டியிருக்கிறது.

அட்டை வந்த வழி

1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை பிறந்தது. 1980இல் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா இந்திய வங்கிகளில் முதலாவதாகக் கடன் அட்டை வெளியிட்டது. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறந்த மைல்களுக்குப் பரிசு தரும் திட்டத்தைத் தொடங்க, சில ஆண்டுகளில் வங்கிகளும் விமான நிறுவனங்களும் கைகோத்தன. பறக்காமலே, மளிகை வாங்கியே மைல் சேர்க்கலாம் என்றாயிற்று. நம் நாட்டிலும் பின்னர் விமான நிறுவனங்களின் பெயரிலும் ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. பெயரிலும் அட்டைகள் வந்தன.

இனிக் கணக்குக்கு வருவோம். நால்வர் கொண்ட குடும்பம் மூன்று நாள் கொடைக்கானல் போய்வர 25,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். 100 ரூபாய்க்கு 1 ரூபாய் மதிப்புள்ள புள்ளி தரும் அட்டையில் இத்தொகை சேர 25 லட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டும். மாதம் 30,000 ரூபாயை அட்டையில் செலவிடும் குடும்பத்துக்கு ஆண்டில் சேர்வது 3,600 ரூபாய். முழுப்பயணம் ஈடேற ஏறத்தாழ 7 ஆண்டுகள் வேண்டும்! அதற்குள் ஆண்டுக் கட்டணத்தையும் கழிக்க வேண்டும். 500 ரூபாய்க் கட்டணம் என்றால் 18 விழுக்காடு வரியோடு 590. அதாவது முதல் 59,000 ரூபாய்ச் செலவின் புள்ளிகள் கட்டணத்துக்கே சரி.

இது கடனை ஒழுங்காக அடைப்பவர் கணக்கு. அடைக்காதவர் கணக்கு வேறு. 30,000 ரூபாய்ப் பாக்கியை ஒரே ஒரு மாதம் தள்ளிப்போட்டால், மாதம் 3.5 விழுக்காடு என்ற பரவலான வட்டியில் 1,050 ரூபாயும், அதன்மேல் வரி 189 ரூபாயும் சேர்ந்து 1,239 ரூபாய் போகும். அந்த 30,000 ரூபாய்ச் செலவு தந்த புள்ளிகளின் மதிப்பு 300 ரூபாய். பரிசிலைப் போல நான்கு மடங்கு தண்டம்! அதோடு, பாக்கி நிற்கும் வரை புதிய செலவுகளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையா. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் அட்டை வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அத்தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே இன்று அந்த உச்சவரம்பும் இல்லை.

ஆக, புள்ளிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை இரண்டு. ஒன்று, கடைக்காரரிடம் பிடிக்கும் பங்கு. மற்றொன்று, மாத முடிவில் அடைக்க முடியாமல் வட்டி கட்டுகிறவர்களின் பணம். நன்றாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர் புள்ளியில் விமானம் ஏறுகிறார் என்றால், எங்கோ வட்டி கட்டும் ஒரு குடும்பத்தின் தோளிலும் அந்த நாற்காலி இருக்கிறது. கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் சுமந்தவரின் முகத்தைப் பார்க்க முடிந்தது. இங்கே அதுவும் தெரிவதில்லை.

கொடைக்கானலுக்கென்றே சில இடர்களும் உண்டு. அங்கே விமான நிலையம் கிடையாது. மைல்கள் மதுரை வரை கொண்டுவிட்டாலும், மேலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் ஏற வேண்டும். ஏரிக்கரைக் குதிரைக்காரரிடமும் பிளம்ஸ் விற்கும் பாட்டியிடமும் புள்ளிகள் செல்லாது. விலையில்லா அறை என்று புள்ளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் கூட்டம் குறைந்த நாட்களில்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையோ ஏப்ரல், மே மாதங்களில். அதுபோதாதென்று, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று எல்லையும் வகுக்கப்பட்டது. மலை தாங்கும் அளவுக்குத்தான் ஏற முடியும் என்ற இந்தக் கணக்கில் எந்த அட்டைக்கும் முன்னுரிமை இல்லை.

முடிவாக

அப்படியானால் பயணப் பரிசு அட்டை வேண்டவே வேண்டாமா? எப்படியும் செய்யப்போகிற செலவை மட்டும் அதில் செய்து, மாதந்தோறும் முழுத் தொகையையும் அடைத்து, கட்டணத்தை விடப் புள்ளி மிகுதியாக இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் குடும்பத்துக்கு அது ஒரு சிறு தள்ளுபடி. ஒரு ரயில் பயணச்சீட்டோ, ஒரு நாள் அறை வாடகையோ கிடைத்தால் மகிழ்ச்சியோடு ஏற்கலாம். புள்ளிக்காக ஒரு பொருளை அதிகம் வாங்குகிற வீட்டுக்கும், ஆண்டில் ஒரு மாதமேனும் பாக்கி வைக்கிற வீட்டுக்கும் அது நட்டமே. அவர்களுக்கு மஞ்சள் துணி முடிப்பே இன்றும் சிறந்த பயணத் திட்டம். வங்கியில் தொடர் வைப்பாகப் போட்டு வைத்தால் முருகன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வட்டியும் நம் பக்கம் வரும். மாதம் 2,000 ரூபாய் ஒதுக்கினால், மேலே சொன்ன 25,000 ரூபாய்க்கு 7 ஆண்டு காத்திருக்க வேண்டாம். அடுத்த கோடைக்குள் ஏறத்தாழ முழுத்தொகையும் சேர்ந்துவிடும்.

பேகனிடம் சென்ற புலவர்களை மீண்டும் நினைத்துக்கொள்கிறோம். கையில் வரவிருந்த பரிசிலை ஒதுக்கிவிட்டு, பிரிந்த வீடு ஒன்றுசேரட்டும் என்று வேண்டினார்கள் அவர்கள். குடும்பச் சுற்றுலாவின் பயனும் அந்த ஒன்றுசேர்தல்தானே? திரும்பி வந்தபின் ஆறு மாதம் பாக்கியைப் பற்றி வீட்டில் வாய்ச்சண்டை நடக்குமானால், ஏரிக்கரையில் சேர்ந்து சிரித்த மூன்று நாளை அது தின்றுவிடும். கடனில்லாமல் பழனி அடிவாரத்தில் இலைபோட்டுச் சாப்பிட்டு, மலைவாழைச் சீப்பு ஒன்றும் பஞ்சாமிர்த டப்பா ஒன்றும் வாங்கிக்கொண்டு, மாலையில் பேருந்தேறி வீடு திரும்பும் குடும்பம் எந்தப் புள்ளியும் சேர்க்காவிட்டாலும் எதையும் இழந்ததாகாது என்பதே எம் எண்ணம்.